கூரையில் ஓர் அன்டெனாவுக்கு இடம் விடுங்கள்: நம் தொடர்மாடி முகாமைத்துவக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முகாமைத்துவக் குழுவினருக்கு,

வணக்கம். லிப்டுக்குள் நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவித்தலைப் பத்து நாட்களாக ஏறும்போதும் இறங்கும்போதும் வாசிக்கிறேன். கூரையில் உள்ள அன்டெனாக்கள் எல்லாவற்றையும் மாத முடிவுக்குள் கழற்ற வேண்டும், புதிதாக எவரும் பொருத்தக்கூடாது என்கிறது அது. தொலைக்காட்சி பார்க்க விரும்புவோர் மாதக் கட்டண இணைப்பை எடுத்துக்கொள்ளலாம் என்று கடைசி வரியில் ஓர் ஆலோசனை வேறு. அந்த வரிதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது.

உங்கள் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கூரைக்கு ஏறிப் பார்த்தேன். காடு போலத்தான் இருக்கிறது. நீர்க்கசிவுக்குப் பூசிய பூச்சில் துளையிட்டுக் கம்பி நட்டவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். மேல்மாடியில் மழைக்கு ஒழுகுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வெள்ளவத்தையின் உப்புக் காற்றில் அலுமினியக் குழாயைச் சாதாரண இரும்பு ஆணியால் இறுக்கினால், இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் அரிப்பு விரைவாகத் தொடங்கிவிடும். அங்கே நிற்பவற்றுள் பாதி இன்று காகங்களுக்கு மட்டுமே பயன்படுகின்றன. அவற்றை அகற்றுங்கள், நானும் கை கொடுக்கிறேன். ஆனால் அத்தனையையும் கழற்றிய பின் அங்கே ஒன்று நிற்க வேண்டும். எல்லா வீட்டுக்கும் பொதுவான ஒன்று.

"வீட்டுக்குள் வைக்கும் சின்ன அன்டெனா போதுமே" என்று உங்களில் ஒருவர் படியில் வைத்துச் சொன்னார். அதையும் செய்து பார்த்தாயிற்று. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில், பெட்டி முழுக்க 'டிஜிட்டல்' என்று அச்சடித்த ஒன்றை வாங்கி வந்தேன். அன்டெனாவுக்குப் பழைய அனலொக் முறையும் தெரியாது, புதிய டிஜிட்டல் முறையும் தெரியாது. அதற்குத் தெரிந்தது அலைநீளம் மட்டும். தொலைக்காட்சி வருவது இரண்டு அலைவரிசைகளில். நீளமான அலைகளின் வீஎச்எஃப்பில், 200 மெகாஹேர்ட்ஸ் அளவில் அலையின் நீளம் ஒன்றரை மீற்றர். குட்டையான அலைகளின் யூஎச்எஃப்பில் 600 மெகாஹேர்ட்ஸ் என்றால் அரை மீற்றர். அன்டெனாவின் கம்பி ஏறக்குறைய அதில் பாதி இருந்தால்தான் நன்றாகப் பிடிக்கும்: ஒன்றுக்கு 75 சென்ரிமீற்றர், மற்றதற்கு 25. உள்ளங்கை அகலத் தகடு ஒன்று இரண்டையும் பிடிக்கும் என்று விற்பவரின் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்.

என் வீடு கடலைப் பார்த்தது. ஒளிபரப்புக் கோபுரங்களோ முதுகுப் பக்கம், நிலப்பக்கத்தில். நடுவே நம் கட்டடத்தின் கொங்கிரீட்டும் அதற்குள் இரும்புக் கம்பியும். ஆகவே எனக்கு வருவது பெரும்பாலும் அயல் மாடிகளில் மோதித் திரும்பும் அலைதான். நேராக வரும் அலையை விட 300 மீற்றர் கூடுதலாகச் சுற்றி வந்தால் அது ஒரு மைக்ரோ செக்கன் பிந்தும். ஒரு மீற்றர் அகலத் திரையில் அந்தப் பிந்தல் ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றர் தள்ளி விழும் நிழல். செய்தி வாசிப்பவருக்கு இரண்டு மூக்கு. இதற்குச் சமிக்ஞையைப் பெருக்கும் பூஸ்டர் மருந்தல்ல, அது இரண்டு மூக்கையும் சேர்த்தே பெரிதாக்கும். உயரத்தில், ஒரு திசையை மட்டும் நோக்கும் யாகி அன்டெனாதான் நிழலை வெட்டும். 1926இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வடிவமைத்தது. இன்றும் நம் கூரைகளில் நிற்பது அதுவே. (அதன் குட்டையான கம்பிகள் உள்ள முனை கோபுரத்தைப் பார்க்க வேண்டும். நம் கூரையில் இரண்டு திரும்பி நிற்கின்றன. உரியவர்கள் கோபிக்க வேண்டாம்.)

நான் கேட்பது பெரிய வேலையல்ல. லிப்ட் இயந்திர அறையின் சுவரில், தளத்தைத் துளைக்காமல், துருப்பிடிக்காத எஃகு ஆணிகளோடு ஒரு கம்பம். அதில் வீஎச்எஃப்புக்கு ஒன்று, யூஎச்எஃப்புக்கு ஒன்று. எல்லா நிலையங்களும் ஒரே திசையில் இல்லாததால் மூன்றாவது ஒன்றும் தேவைப்படலாம். கம்பத்துக்கு இடிதாங்கிப் பூமித் தொடர்பு கட்டாயம். பொதுப் பூஸ்டரை மேலேயே வைக்க வேண்டும். நல்ல கோஎக்சியல் கேபிளில்கூட 40 மீற்றர் இறங்குவதற்குள் யூஎச்எஃப் சமிக்ஞையில் கால்வாசிதான் மிஞ்சும்; கீழே வந்தபின் பெருக்கினால் இரைச்சலும் கூடவே பெருகும். மாடிக்கு ஒரு பிரிப்பான், வீட்டுக்கு ஒரு முனை. பழைய தட்டை வயரை எவரும் கொண்டுவர வேண்டாம். மழையில் நனைந்தாலே அது குணம் மாறிவிடும்.

டிஜிட்டல் வந்த பிறகு பார்ப்போம் என்று ஒத்திவைக்காதீர்கள். 2014இல் இலங்கை ஜப்பானிய டிஜிட்டல் முறையைத் தெரிவு செய்தது. ஒளிபரப்புக்கென்று கொழும்பில் கட்டிய தாமரைக் கோபுரம் 2019இல் திறக்கப்பட்டது. நம் வீட்டுக்கு வருவது இன்னும் அனலொக். நாளைக்கே மாறினாலும் மாற்ற வேண்டியது தொலைக்காட்சிப் பெட்டியை, அல்லது அதோடு இணைக்கும் சிறு கருவியை. கூரையில் உள்ள யூஎச்எஃப் அன்டெனா அப்படியே உதவும்.

என் அம்மாவுக்கு 81 வயது. சக்தி, வசந்தம், நேத்ரா ஆகிய தமிழ்ச் சனல்கள் மூன்றும் அவருக்கு ரிமோட்டின் இலக்கங்களாகவே தெரியும். 2022இல் எரிவாயு வரிசையில் நின்ற காலத்தில்தான் மாதக் கட்டண இணைப்பைத் துண்டித்தேன், பிறகு எடுக்கவில்லை. கைப்பேசியில் செய்தி பார்க்கலாம் என்பவர்கள், அதை அவருக்கு ஒருநாள் கற்றுக்கொடுத்துப் பார்க்கட்டும். காற்றில் இலவசமாக வரும் தமிழ்ச் செய்திக்கு, கம்பம் நட இடம் இல்லை என்பதற்காக அவர் மாதாமாதம் பணம் கட்ட வேண்டுமா?

இரண்டு மின்னியலாளர்களிடம் விலைமதிப்பு வாங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். அதற்கு முன் ஒருவரை மேலே கூட்டிப்போய்ச் சமிக்ஞை அளந்து பார்க்க வேண்டும். கூரைச் சாவி தன்னிடம் இல்லை என்கிறார் காவலாளி. யாரிடம் இருக்கிறது என்று தயவுசெய்து அதே லிப்டில் ஒரு துண்டு ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
நான்காம் மாடி, கடற்பக்க வீட்டுக்காரர்