எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே, பெரிய நிம்மதி. இங்கே நியூஜெர்சியில் குளிர் விட்டுவிட்டது. கறிவேப்பிலைத் தொட்டியை வெளியே எடுத்து வைத்தாயிற்று.

போன வாரம் யாழினியைக் கோடை முகாமில் சேர்க்க ஃபாரம் நிரப்பினோம். 'இனம்' என்று ஒரு வரிசை, பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள். பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தவள், "இதையெல்லாம் யாருப்பா பிரிச்சது?" என்றாள். 'ஏசியன்'னு போடும்மா என்று சொல்லிவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

இந்த ஊர் சென்சஸையே பாரேன். 1930-லும் 1940-லும் நம் நாட்டிலிருந்து வந்தவர்களை, சீக்கியரோ முஸ்லிமோ, 'ஹிந்து' என்ற இனமாக எழுதினார்கள். 1970-ல் நாம் வெள்ளையர். 1980-ல் 'ஆசிய இந்தியர்'. அதே தோல், அதே ரத்தம்!

பகத் சிங் திந்த் என்று ஒரு பஞ்சாப் சீக்கியர். முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அன்றைய சட்டப்படி, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும்தான் குடியுரிமை. 1922 நவம்பரில், குடியுரிமை கேட்ட ஒசாவா என்ற ஜப்பானியரிடம் உச்ச நீதிமன்றம், "நிறம் வெளுப்பாக இருந்தால் போதாது, வெள்ளையர் என்றால் காகேசியர்" என்றது. காகேசியர் என்பது அன்றைய அறிஞர்கள் பிரித்து வைத்த ஓர் இனம்; ஐரோப்பியரோடு வட இந்தியரையும் அதில்தான் சேர்த்திருந்தார்கள். மூன்றே மாதத்தில் திந்த் போய், "அறிஞர்கள் கணக்குப்படி நான் காகேசியன்தானே?" என்றார். அதே நீதிமன்றம், சாதாரண மனிதன் யாரை வெள்ளையன் என்று நினைக்கிறானோ அவன்தான் வெள்ளையன் என்று சொல்லிவிட்டது. ஏற்கெனவே குடியுரிமை வாங்கிய இந்தியர்களிடமிருந்தும் பிடுங்கினார்கள். பெஷாவரிலிருந்து குடும்பத்தோடு வந்து கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பாகாய் அப்படி இழந்தவர். 1928-ல் தற்கொலை செய்துகொண்டார். இனம் மனிதன் கட்டிய கற்பனை என்று சொல்கிறோம், சரி. அந்தக் கற்பனை ஆளைக் கொல்கிறதே, சேகர்.

ஆனால் என்னை உலுக்கியது வேறு. திந்த் தரப்பு வைத்த வாதம் என்ன தெரியுமா? தான் உயர்சாதி, அமெரிக்க வெள்ளையன் கறுப்பினத்தவரோடு கல்யாண சம்பந்தம் வைக்க எப்படி நினைக்கமாட்டானோ, அப்படித்தான் உயர்சாதிக்காரன் இந்தியப் பழங்குடியினரைப் பார்க்கிறான் என்பது. அவமானப்பட்டு நின்ற இடத்திலும், தன் காலுக்குக் கீழே ஒருவனைக் காட்டித்தான் மேலே ஏறப் பார்த்திருக்கிறார்கள்.

படித்ததும் நம் ஊர் டீக்கடைதான் ஞாபகம் வந்தது. கூரைக்கு வெளியே ஆணியில் தொங்குமே, நெளிந்த அலுமினிய டம்ளர். நம்மோடு ஒரே பெஞ்சில் படித்தவனின் அப்பா அதை எடுத்து, குடித்து, தானே கழுவி, திரும்ப மாட்டுவார். நாம் இரண்டு பேரும் கண்ணாடி கிளாஸில் குடித்தபடி பார்த்துக்கொண்டுதான் நின்றோம். யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை, நாமும் கேட்கவில்லை.

யாழினி கேட்டுவிட்டாள். இந்த ஊர்க் கட்டங்களைப் பற்றி எப்படியோ சொல்லிவிடுவேன். அந்த டம்ளரைப் பற்றி எப்படிச் சொல்ல? நீ தினமும் பத்து வயதுப் பிள்ளைகளோடு இருக்கிறவன். அடுத்த கடிதத்தில் எழுது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராஜா