பீர்க்கம் பந்தலும் உன் கொடிக்கம்பமும்

காத்ர போர்ன், மொரீசியஸ்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். தைப்பூசம் முடிந்து மூன்று வாரம் ஆகியும் உன் குரலைக் கேட்காததால், அதற்கு முன் நீ அனுப்பிய இருபது நொடி வீடியோவையே நானும் அம்மாவும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆறடி அலுமினியக் கம்பம் உன் கைகளில் பிசகாமல் சுழல்வதையும், விரிந்த பட்டுக் கொடியைக் காற்று பின்னிழுத்தும் வேகம் குறையாததையும் கண்டு, கோர் தெ கார்த் மலைக் கோவிலுக்குக் கொடியேற்றம் பார்க்க வந்த மாமா "இது நம் பிள்ளையா!" என்று வியந்தார். எனக்குப் பெருமை தாளவில்லை.

ஏப்ரலில் அமெரிக்காவின் டேட்டனில் நீ ஆடப்போகும் கொடி சுழற்றும் போட்டியைப் பற்றித் தேடிப் படித்தேன். அதை நடத்தும் விண்டர் கார்ட் இன்டர்நேஷனல் அமைப்பு 1977இல் தொடங்கியதாம். கம்பத்தைக் கை மாற்றிக் கை மாற்றிச் சுழற்றும் டிராப் ஸ்பின்னில் ஒரு கை விடும்போது மறு கை கட்டைவிரல் கீழ்நோக்கியிருக்கப் பிடிக்க வேண்டும் என்பதையும், கம்பத்தின் முனைகளுக்குள் எடைக்காகப் போல்ட்டுகளைச் செருகினால் சுழற்சி சீராகும் என்பதையும் அறிந்தேன். ஆனால் எறிந்த கம்பம் இறங்கும்போது அந்த எடை முழுவதும் மணிக்கட்டில்தானே வந்து விழும்? உன் கம்பத்தில் எத்தனை போல்ட் இருக்கின்றன? வீடியோவில் உன் வலது மணிக்கட்டில் ஏதோ வெள்ளையாகச் சுற்றியிருந்தது. அம்மா வளையல் என்கிறாள்.

இடது கையையும் சமமாகப் பழக்கு. பிடி தவறும் என்று தோன்றினால் கம்பம் தரையில் விழட்டும், கையை நீட்டாதே. உறங்கும் முன் நல்லெண்ணெயைச் சூடாக்கித் தடவு. இடது கையையும் பழக்கு. இவ்வளவு கற்றவளுக்கு வீட்டுக்கு இரண்டு வரி எழுத நேரமில்லையா?

இதைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்பதும் தெரியும். பதினான்கு வயதில், அம்மாவின் பழைய மஞ்சள் சேலையை மூங்கிலில் கட்டி நீ கொல்லையில் சுழற்றிக்கொண்டிருந்தபோது, அந்த மூங்கிலை நான்காக அறுத்துப் பீர்க்கங்கொடிக்கு ஊன்றினேன். படிப்பு கெடும் என்று உன்னிடம் சொன்னேன். அக்கம்பக்கத்தார் என்ன பேசுவார்களோ என்று அஞ்சித்தான் அறுத்தேன். உன் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்ததை அம்மா மறுநாள்தான் கண்டாள். நீ சோற்றை இடது கையால் பிசைந்ததைப் பார்த்தும் நான் திட்டினேனே தவிர, ஏன் என்று கேட்கவில்லை. வலியை என்னிடம் மறைக்க உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான், மகளே.

இப்போது கேட்கிறேன். எத்தனை போல்ட் என்று எழுது. அது வளையல்தானா என்றும் எழுது.

அப்பா