செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் தாவர ஆர்வலர் சங்கம் செய்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

செயற்குழு 4 முறை கூடியது. ஜூனில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலை அடையாளம் காணும் போட்டி நடந்தது. ஆகஸ்டில் திட்டமிட்ட பேச்சிப்பாறைப் பயணம் மழையால் நின்றுபோனது. மூத்த உறுப்பினர் ஒருவரை இழந்தோம். இரங்கல் தீர்மானம் பதிவேட்டில் இருக்கிறது.

இனி, கன்னியாகுமரி மாவட்டத்து மருந்துவாழ்மலையில் மாதாமாதம் செடிகளைப் பார்த்துப் பதிவு செய்யும் வேலை. இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன். "மாதாமாதம் போய் வெறும் பாறையைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்" என்று சென்ற பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் சொன்னார். அதற்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

அது வெறும் பாறை அல்ல. நம் மாவட்டத்தின் மேற்கே பேச்சிப்பாறைப் பக்கம் மழை அதிகம், மண்ணும் ஆழம், காடும் அடர்த்தி. இங்கே, மேற்குத் தொடர்ச்சி மலை கடலை நெருங்கி முடிகிற தென்முனையில், மழை குறைவு, காற்று அதிகம், மண் மிக மெல்லியது. பெய்கிற மழையும் பாறையில் வழிந்து சற்று நேரத்தில் கீழே போய்விடும். இந்த நிலைமையிலும் வாழத் தெரிந்த செடிகள்தான் அங்கே இருக்கின்றன.

மலையடிவாரத்திலிருந்து சற்று மேலே ஒரு சரிவில் ஒரு மீட்டர் சதுரக் கட்டங்களாகக் கயிறு கட்டி, ஒவ்வொன்றிலும் மெல்லிய இரும்புக் கம்பியைக் குத்தி மண்ணின் ஆழம் பார்த்தோம். பெரும்பாலான இடங்களில் விரற்கடை ஆழத்திலேயே கல் தட்டியது. ஒரு சாணுக்கு மேல் கம்பி இறங்கியது பாறை வெடிப்புகளில் மட்டுமே. எந்தச் செடி எங்கே நிற்கும் என்பதை அந்த ஆழமே சொல்லிவிடுகிறது. மண்ணே இல்லாத கல்லில், சமையலுக்குப் போடும் கல்பாசியின் சொந்தங்கள் ஒட்டியிருக்கின்றன. லேசாகப் புழுதி தங்கிய பள்ளத்தில் பாசியும் புல்லும். அப்புறம் பிரண்டையும் சதுரக்கள்ளியும். இவை பகல் வெயிலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து மூச்சு விடுபவை. தண்ணீரைச் சேமிக்க அதுதான் வழி. வெடிப்பில் வேரை இறக்கியது பச்சைக்கிளுவை. கோடையில் ஓர் இலைகூட இருக்காது, காகிதம்போல் தோல் உரியும். உரிந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தால் பட்டை பச்சையாக இருக்கும். இலை இல்லாத மாதங்களில் அந்தப் பச்சைதான் மரத்துக்குச் சோறு.

மயில்சிகை என்ற சிறு பெரணியைப் பற்றியும் பதிவு செய்ய விரும்புகிறேன். ஏப்ரலில் 7ஆம் கட்டத்தில் அது கருகிய நூல்கற்றைபோல் சுருண்டு கிடந்தது. செத்துவிட்டது என்றே குறித்து வைத்தேன். கோடைமழை பெய்த இரண்டாம் நாள் போனால், அதே செடி விசிறிபோல் விரிந்து பச்சையாக நிற்கிறது! குறிப்பேட்டில் 'செத்தது' என்பதை அடித்து எழுதிய அன்று, இந்த வேலையை விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

வருத்தமான செய்தியும் உண்டு. மழைக்காலத்தில் ஓர் அமைப்பினர் நல்லெண்ணத்தோடு வந்து, எங்கள் கட்டங்களுக்குப் பக்கத்தில் கடப்பாரையால் குழி பறித்து வேம்பும் புங்கும் நட்டார்கள். மார்ச்சில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. கன்று போனதைவிட, குழியைச் சுற்றி இளகிய மண் மழையில் கரைந்து பாறை வெள்ளையாகத் தெரிவதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாசி பிடித்து, மக்கி, துகள் துகளாகச் சேர்ந்த மண் அது. நம் ஆயுளில் திரும்ப வராது. அப்படிப்பட்ட இடத்தில் மரம் நடுவது உதவி அல்ல என்பதை நாம் வெளியே சொல்லியாக வேண்டும்.

மலையின் பெயரும் அதற்குப் பகையாகிவிட்டது. அனுமன் கொண்டுபோன சஞ்சீவி மலையின் துண்டு இது என்ற கதையை நம்பி, சாக்குப் பையோடு வந்து வேரோடு பிடுங்குகிறார்கள். நாராயண குரு தவம் செய்த பிள்ளைத்தடம் குகைக்குப் போகிறவர்கள் படிவழியே போனால் ஒரு சேதமும் இல்லை. குறுக்குவழியில் ஏறும்போதுதான் பாசி பெயர்கிறது.

மலைக்கு 11 முறை சென்றோம். டிசம்பரில் மழையால் போக முடியவில்லை. 'சென்றோம்' என்று எழுதினாலும் 5 முறை நானும் பொருளாளரும் மட்டுமே. உறுப்பினர்கள் 34 பேர். "கட்டாயம் வருகிறேன்" என்று முந்தைய இரவு வாட்ஸ்அப்பில் எழுதியவர்களுக்காகப் பேருந்து நிறுத்தத்தில் அரைமணி நேரம் காத்திருந்த நாட்கள் உண்டு. வெயில் ஏறிவிட்டால் அந்தப் பாறையில் கை வைக்க முடியாது என்பதை எல்லோரும் அறிவீர்கள்.

ஆண்டுச் சந்தா 300 ரூபாயை இதுவரை 13 பேர் செலுத்தியிருக்கிறார்கள். கணக்கு விவரத்தைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பயணத்துக்கும் அச்சுக்கும் போக வங்கியில் சிறு தொகை இருக்கிறது. சில செலவுகளைச் செயற்குழுவினரே ஏற்றுக்கொண்டார்கள்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், கூட்டத்துக்கு இடம் தந்தவர்களுக்கும் நன்றி. கிளுவைகள் நிற்கும் இடமெல்லாம் காட்டித் தந்த, ஆடு மேய்க்கும் பெரியவருக்குத் தனியாக நன்றி.

ஓர் ஆண்டுப் பதிவை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. குறைந்தது இன்னும் 2 ஆண்டுகள் அதே கட்டங்களைப் பார்க்க வேண்டும். செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் சந்தோஷமாகத் தருகிறேன். கயிறும் கம்பியும் குறிப்பேடும் சேர்த்தே தருவேன். அதுவரை மாதத்துக்கு 2 பேர் முறைவைத்து வந்தால் போதும். வரும் ஞாயிறு காலை 6 மணிக்குப் பொற்றையடி பேருந்து நிறுத்தத்தில் இருப்பேன். ரசீதுப் புத்தகமும் என் பையில் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்