பேரி மரத்தை வெட்ட வேண்டாம்

கண்ணு,

நேற்று நீ சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன், சிக்னல் போய்விட்டது. அம்மாவுக்கு இடுப்பு வலி, இந்த வயதில் எதற்குச் சருகு கூட்டிக்கொண்டு, பின்னால் நிற்கும் இரண்டு பேரி மரத்தையும் வெட்டிவிடலாம் என்கிறாய். உன் அக்கறை புரிகிறது. ஆனால் நான் தோட்டம் முழுக்கவா கூட்டுகிறேன்? வாசல் கல்படி மட்டும்தான். மார்கழிப் பனியில் ஊறிய இலைமேல் கால் வைத்தால் வழுக்கிக்கொண்டு நேராகக் கீழே வில்பட்டி ஊருக்கே போய்ச் சேரலாம்.

கூரை ஓரத் தகரக் கால்வாயில் அடைத்ததைப் பக்கத்து வீட்டுப் பையன் ஏறி அள்ளிப் போட்டான். ஐப்பசி மழைக்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டும், என் சோம்பேறித்தனம், உன் ரூம் சுவரில் தண்ணீர் இறங்கிவிட்டது.

கொளுத்திவிடு என்று மட்டும் சொல்லாதே. போன தை மாதம் கொளுத்தினேன், காற்று திரும்பி ஒரு பொறி மேல்காட்டுக் காய்ந்த புல்லில் விழுந்தது. குடம் குடமாக ஊற்றி அணைத்தோம். உன்னிடம் சொல்லவில்லை, திட்டுவாய்.

இப்போது வேலியோரம் 3 அடி உயரத்துக்குக் குவித்து வைத்திருக்கிறேன். வெறும் சருகாகப் போட்டால் இந்தக் குளிரில் மக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும், அதில் தழைச்சத்து ரொம்பக் குறைவு. அதனால் ஒரு அடுக்கு சருகு, மேலே சாணிக் கரைசல், கொஞ்சம் பச்சைக் களை, மறுபடி சருகு. கையில் பிடித்தால் ஈரம் தெரியணும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. மாதம் ஒருமுறை கிளறினால் போதும். தைல மர இலையை மட்டும் அதில் சேர்ப்பதில்லை, எண்ணெயும் தடித்த தோலுமாக லேசில் மக்காது, அதைக் கொல்லைப் பாதையில் பரப்பிவிட்டேன், சேறு குறைந்திருக்கிறது. புள்ளி விழுந்த பிளம்ஸ் இலையும் தனிக்குழிக்குத்தான், நோய் பரவும்.

பேரி மரம் மொட்டையாக நிற்கிறதே என்று வீடியோவில் பார்த்துப் பாவப்பட்டாயே, மாசியில் வந்து பார், வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருக்கும்.

பொங்கலுக்கு வரும்போது வத்தலக்குண்டில் இறங்கி 10 அடி கோழிவலை வாங்கி வா, குவியலைச் சுற்றிக் கட்ட. மரம் வெட்ட ஆள் எதுவும் கூட்டி வராதே.

அம்மா