வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. நூலக அலமாரிக்கு ஒருவழியாகக் கதவு போட்டாயிற்று. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதனால், பலரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கும் அந்த ஒரு கூட்டத்துக்கே வருகிறேன்: 'ஹூடினியும் தானியேலும்'.

தலைப்பைப் பார்த்ததும் சிலர் முகம் சுளித்தார்கள். கைவிலங்கைக் கழற்றிக் காட்டும் வித்தைக்காரரைப் பைபிள் தீர்க்கதரிசிக்குப் பக்கத்தில் நிறுத்தலாமா? ஆனால் 1874இல் புடாபெஸ்டில் பிறந்த ஹூடினி ஒரு யூத ரபியின் மகன். 1911இல் பாஸ்டனில் செத்த கடல் பிராணி ஒன்றின் வயிற்றுக்குள் சங்கிலியோடு புகுந்து வெளியே வந்தவர். அங்கே பைபிளில் பெரிய மீனின் வயிற்றிலிருந்து மீண்டு வந்த யோனாவின் ஞாபகம் வராமல் போகாது.

தானியேல் பக்கம் முதலில் எடுத்தது அவரைத் தூக்கிப் போட்ட சிங்கக் கெபியை, அதாவது சிங்கக் குகையை. வாசலில் கல், கல்லின்மேல் ராஜாவின் முத்திரை. காலையில் ஆள் உயிரோடு வருகிறார். ஒப்புமை பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நிற்கவில்லை என்பது என் கருத்து. கெபியில் தானியேல் எதுவும் செய்யவில்லை. தேவதூதன் சிங்கங்களின் வாயைக் கட்டினான். ஹூடினியோ எல்லாம் தன் உடற்பயிற்சியும் கைத்திறமையும்தான் என்று சாதித்தவர். அவருக்குத் தெய்வீக சக்தி உண்டென்று நம்பிய, ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயிலிடமும் அதையேதான் சொன்னார்.

கூட்டம் சூடுபிடித்தது பாபிலோனியர் வணங்கிய பேல் தெய்வத்தின் கதையில்தான். "எங்க பைபிள்ல இது இல்லையே" என்று ஒரு புராட்டஸ்டன்ட் அக்கா கேட்க, கத்தோலிக்க நண்பர் ஒருவர் தன் விவிலியத்தில் தானியேல் 14ஆம் அதிகாரத்தைத் திறந்து அவரிடமே கொடுத்துவிட்டார். பேல் சிலைக்குப் படைக்கும் ஆடும் மாவும் திராட்சை ரசமும் இரவோடு இரவாகக் காலியாகும். தானியேல் கோயில் தரையில் சாம்பலைத் தூவச் சொல்லி, கதவுக்கு முத்திரை வைக்கிறார். காலையில் வெற்று மேசையைக் கண்டு ராஜா பேலைப் புகழ, தானியேல் சிரித்துக்கொண்டே தரையைக் காட்டுகிறார். ஆண், பெண், குழந்தைகளின் காலடிகள். பூசாரிகள் குடும்பத்தோடு ரகசிய வழியில் வந்து தின்றிருக்கிறார்கள்.

இப்போது 1924, மறுபடியும் பாஸ்டன். ஆவிகளோடு பேசுவதாகச் சொன்ன மார்ஜரியைச் சோதிக்க, சயன்டிபிக் அமெரிக்கன் பத்திரிகை அமைத்த குழுவில் ஹூடினியும் இருந்தார். இருட்டறை, ஹூடினியின் காலருகே மணிப்பெட்டி, மணியை ஆவி அடிக்க வேண்டும். ஹூடினி அன்று பகல் முழுக்க முழங்காலுக்குக் கீழே ரப்பர் கட்டு இறுக்கிப் போட்டிருந்தார். கால் வீங்கி, லேசாகப் பட்டாலே உறைக்கும் நிலை. இருட்டில் கால்சட்டையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்தவர், அந்த அம்மாவின் கணுக்கால் மணிப்பெட்டியை நோக்கி நகர்ந்தது தெரிந்தது என்று பிறகு எழுதினார்.

சரி, அங்கே சாம்பல், இங்கே ரப்பர் கட்டு. பிடிபட்டது இரண்டு இடத்திலும் கால்தான். என்னைக் கேட்டால், கெபியைவிட இந்தக் கோயில்தான் இருவரையும் பக்கத்தில் நிறுத்துகிறது. இது சபை ஏற்றுக்கொண்ட முடிவு அல்ல; விவாதம் தேநீர் ஆறிய பிறகும் ஓயவில்லை.

அடுத்த ஆண்டு கர்மேல் மலையில் நடந்த எலியா தீர்க்கதரிசியின் கதையைப் பற்றிப் பேச வேண்டும் என்ற கோரிக்கை செயற்குழுவின் பரிசீலனையில் உள்ளது. சந்தா பாக்கி வைத்திருப்போர் பொருளாளரைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம்.

நன்றி.
செயலாளர்