கோப்புகளில் கொக்குவிலைத் தேடுவது

யாழ்ப்பாணம்

அன்பின் குகன்,

நாங்கள் நலம். அம்மா உன்னை மிகவும் விசாரித்தார். மாரி தொடங்கிவிட்டது. நம் சனசமூக நிலையத்தின் பழைய மலர்களை மாலை வேளைகளில் கணினியில் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

'வடமாராட்சி' என்று தவறாகத் தட்டெழுதியதை எல்லாக் கோப்புகளிலும் 'வடமராட்சி' ஆக்க ஒரு கட்டளை போதுமே என்று எழுதியிருந்தாய். அந்தச் சொல்லுக்குப் போதும். சொற்களை மாற்றும் கட்டளையான செட் (sed) நொடியில் முடித்துவிடும். ஆனால் 'தை' என்பதை 'தை மாதம்' ஆக்கச் சொல்லிப் பார், 'கதை' எல்லாம் 'கதை மாதம்' ஆகிவிடும், 'தந்தை'யும் தப்பமாட்டார். சொல்லின் எல்லை பார்த்து மாற்றலாமே என்பாய். பைதன் (Python) நிரல்மொழியோடு வரும் தேடல் நிரல் நம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே எண்ணுவதில்லை. சொல்லின் நடுவிலேயே எல்லை போட்டுவிடுகிறது.

என்னை அதிகம் மினக்கெடுத்தியது கொக்குவில் என்ற ஊர்ப்பெயர்தான். தேடினால் பாதி அகப்படுவதில்லை. யூனிகோடு என்னும் எழுத்துக்குறி முறையில் 'கொ'வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் வைக்கலாம், இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடும் கட்டளையான கிரெப்புக்கு (grep) வேறு வேறு. ஆகவே தேடுவதற்கு முன் எல்லாக் கோப்புகளையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடு. பைதனில் அது ஒரு வரி வேலை. அதன் பிறகும் 'கொக்குவிலில்', 'கொக்குவிலுக்கு' என்பவை தப்பிவிடும், உருபு சேர்ந்ததும் புள்ளி போய்விடுகிறதல்லவா? கடைசிப் புள்ளியை விட்டு 'கொக்குவில' என்று தேடு, எல்லாம் வந்து விழும்.

எதை மாற்றும் முன்பும் கிரெப் காட்டும் வரிகளை ஒருமுறை வாசி. செட்டில் அசலின் நகலைத் தனியே வைக்கும் வசதி உண்டு, அதை ஒருபோதும் விடாதே. இன்னொன்று, அந்தக் காலத்தவர்கள் ஒரே பக்கத்தில் 'சனம்' என்றும் 'ஜனம்' என்றும் எழுதியிருந்தால் அப்படியே இருக்கட்டும். தட்டெழுதியவரின் பிழை மட்டுமே நம் வேலை. 1981இல் பொதுநூலகத்தோடு எத்தனையோ ஏடுகள் சாம்பலான ஊர் இது. எஞ்சியவற்றில் ஓர் எழுத்தையும் நாம் வசதிக்காக மாற்றக் கூடாது.

உன்னிடமுள்ள, பாமினி என்னும் பழைய எழுத்துருவில் தட்டெழுதிய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றாமல் அப்படியே அனுப்பு. பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும்; தனிக்குறிகளை முதலில் மாற்றினால் அது இடம் பிசகிவிடும். 'கொ', 'கோ' போன்ற நீண்ட சேர்க்கைகளை முதலில் மாற்றும் நிரல் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
சிவா