முதலில் கூரையைப் பார், மச்சான்

மச்சான்,

நீ அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மம்மா வீட்டு மேற்குப் பக்கத்து ஓடுகள் அவ்வளவு கொட்டுண்டு போயிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பதில் எழுதப் பிந்தியதற்குக் கோபிக்காதே. முழங்காலோடு ஒரு மாதம் மல்லுக்கட்டினேன், இப்போது பரவாயில்லை. மூத்தவள் வேலை மாறிவிட்டாள், இளையவன் அப்படியேதான். சரி, விசயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிறு மூத்தவள் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், இங்கே கனடாவில் ஹமில்டனுக்கு அங்கால் ஆன்காஸ்டரில் ஒரு பாழடைந்த கல்வீட்டைக் காட்டினாள். ஹெர்மிட்டேஜ் என்று பெயர். டண்டாஸ் பள்ளத்தாக்குக் காட்டுக்குள் நிற்கிறது. போகிற வழியில் ஒரு கந்தக ஊற்று, கூழ்முட்டை மணம், அந்த வீதிக்கே அந்த ஊற்றின் பெயர்தான். பனி கரைகிற நேரம் என்பதால் பாதை முழுக்கச் சேறு. என் சப்பாத்து இன்னும் காயவில்லை.

1855 இல் ஜோர்ஜ் லீத் என்ற ஸ்கொட்லாந்துப் பெரிய இடத்து மனிதர் கட்டிய மாளிகை அது. 1934 ஒக்டோபரில் ஒரு விருந்து நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்து, கூரையும் உள்ளே இருந்த மரமும் போய், சுவர் மட்டும் மிஞ்சியது. எனக்கு மனதில் ஒட்டிக்கொண்டது அதற்குப் பிறகு நடந்ததுதான். அவருடைய மகள் அல்மா டிக் லாடர், அப்போது நல்ல வயது போனவர், அந்தப் பக்கத்துப் பழைய கட்டடங்களைப் பற்றி எழுதியும் வந்தவர், வேறெங்கும் போகமாட்டேன் என்று நின்று, எரிந்த சுவர்களுக்கு உள்ளேயே சின்னதாக ஒரு வீட்டைக் கட்டி 1942 இல் சாகும்வரை அங்கேயே இருந்திருக்கிறார். உன் அம்மம்மா இடப்பெயர்வுக்கு வரமாட்டேன் என்று கிணற்றடியில் குந்தியிருந்தது ஞாபகம் வருகிறதா? எனக்கு வந்தது. மகளிடம் சொல்லவில்லை.

பேய்க்கதையும் உண்டு. லீத்துக்கு முன்னர் அந்தக் காணியில் இருந்தவரின் பெறாமகளை வண்டிக்காரன் ஒருவன் விரும்பி, பெண் தரமாட்டேன் என்றதும் தூக்குப் போட்டுக்கொண்டானாம், இன்னமும் அங்கே திரிகிறானாம். நம்முடைய புளியமரத்து முனிக்கு இவன் கால்தூசு பெறமாட்டான். ஆனால் அவனைத் தேடி வருகிற சனத்தால்தான் அந்த இடம் மறக்கப்படாமல் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

1972 இல் அந்த வட்டாரத்து இயற்கைப் பாதுகாப்பு அதிகார சபை காணியை வாங்கியது. சுவர்களோ ஒவ்வொரு வருடமும் சரிந்துகொண்டு வந்தன. கடைசியில், பத்து வருடம் இருக்கும், கல்லைக் கழற்றி உயரத்தைக் குறைத்துத் திரும்பக் கட்டினார்கள். கிட்டப் போய் விரலால் தடவிப் பார்த்தேன், கற்களுக்கு இடையில் சாந்து புதிதாக, ஒழுங்காக, கோடு போட்டதுபோல் இருக்கிறது. முதலில் எனக்கு எரிச்சல்தான். இதென்ன, கலியாண வீட்டு அலங்காரமா என்று நினைத்தேன். பிறகு ஒரு யன்னல் அடியில் பார்த்தால் கல்லின் பிளவில் பனிக்கட்டி இறுகிக் கிடக்கிறது, அதன் ஓரத்தால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய ஒன்பது சதவீதம் பருக்கும். அது ஒரு மாரிகாலத்தில் எத்தனை தரம் உறைந்து கரையும் என்று யோசி. கூரை இல்லாத சுவரின் தலையால் தண்ணீர் இறங்கினால் எவ்வளவு தடித்த கல்லும் தாங்காது. அன்றே ஒரு கூரையைப் போட்டிருந்தால் கழற்றவே வேண்டி வந்திராது.

பழைய கட்டடங்களைக் காக்க இங்கே என்ன சட்டம் என்று கேட்டிருந்தாய். ஒன்ராறியோவில் 1975 இலிருந்து மரபுச் சட்டம் இருக்கிறது. ஆனால் நகரசபைப் பதிவேட்டில் பெயரைப் போடுவது வேறு, முறையாக மரபுச் சொத்து என்று அறிவிப்பது வேறு. வெறும் பதிவு என்றால் இடிக்க முன் அறுபது நாள் அறிவித்தல் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். 2022 இல் இன்னொரு திருத்தம்: பதிவில் சும்மா கிடக்கிற கட்டடங்களைக் குறித்த காலத்துக்குள் அறிவிக்காவிட்டால் பெயரை எடுத்துவிட வேண்டும், எடுத்தால் ஐந்து வருடத்துக்குத் திரும்பச் சேர்க்க ஏலாது. முதலில் 2025 தொடக்கம் என்றார்கள், பிறகு 2027 தொடக்கத்துக்குத் தள்ளினார்கள். நகரசபைகள் ஆயிரக்கணக்கான வீடுகளோடு என்ன செய்யும், சொல். எந்தச் சட்டமும் ஓடு மாற்றித் தராது, மச்சான். நம்முடைய யாழ்ப்பாணத்து நல்லூர் மந்திரி மனையும் பாதுகாக்கப்பட்ட சின்னம்தானே, அதன் கூரை எப்படி இருந்தது என்று நீதான் எனக்கு எழுதினாய்.

அதனால் உன் தம்பி சொல்கிறமாதிரி முதலில் பெயின்ற் அடிக்கிற வேலையை விட்டுவிடு. மாரிக்கு இன்னும் அரை வருடம் இருக்கிறது, மேற்குப் பக்கத்துச் சிலாகையையும் ஓட்டையும் மட்டும் செய். பீலியைத் துப்புரவாக்கு. மேசன் வந்து சுவருக்குச் சீமெந்து பூசுவோம் என்பான், விடாதே, பழைய சுண்ணாம்புச் சாந்துக்கு மேல் சீமெந்து போட்டால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் கல்லைத் தின்னும். சுண்ணாம்புச் சாந்து தெரிந்த பழைய ஆள் ஒருவர் கோயில் வேலையில் இருந்தாரே, இருக்கிறாரா?

நான்காவது படத்தில் குசினிச் சுவரில் ஒரு அரசங்கன்று தெரிகிறது, நீ கவனித்தாயோ தெரியாது. மேலால் வெட்டினால் திரும்ப முளைக்கும், வேரோடு எடுக்கவேண்டும். சின்னதாக இருக்கும்போதே எடு. ஓட்டுக் காசில் பாதி என்னுடையது, இதற்கு நீ சண்டைக்கு வராதே, அந்த வீட்டுச் சோறு நானும் தின்றவன்.

கன்றைப் பிடுங்கிய பிறகு அந்தச் சுவரை ஒரு படம் எடுத்து அனுப்பு.

உன்,
பழைய பக்கத்து வாங்குக்காரன்